சக்கரம் சுற்றுது... ஆனா பேட்டரி இறங்குது! - மோட்டார் ஹோம் பின்னால் வரும் காரின் கதை

படுக்கையறை, சமையலறை, கழிவறை என மொத்த வீட்டையும் பஸ் அளவு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது, அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் பலருக்குப் பிடித்த வாழ்க்கை. அந்த வண்டிதான் மோட்டார் ஹோம். ஆனால், முகாமில் நிறுத்திய பிறகு பால் வாங்கப்போக 35 அடி வண்டியையா கிளப்ப முடியும்? அதற்காகவே பின்னால் ஒரு சின்ன காரைக் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். அந்தக் காருக்கு அங்கே செல்லப்பெயர் 'டோட்'. 'இழுக்கப்படுவது', 'தேரை' இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த கிண்டல் பெயர் இது.

நான்கு சக்கரங்களும் சாலையில் உருள, கார் நாள் முழுக்கப் பின்னாலேயே வரும். மாலையில் சாவியைத் திருப்பினால், 'டிக்... டிக்' சத்தம் மட்டும்தான். பேட்டரி காலி!

ஓடுற கார்ல பேட்டரி எப்படி இறங்கும்?

பேட்டரியை சார்ஜ் செய்வது சக்கரம் அல்ல. இன்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர். இழுக்கப்படும்போது இன்ஜின் ஆஃப். ஆக வரவு இல்லை, செலவு மட்டும்தான். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பல கார்களில் சாவியைப் பாதி திருப்பி வைக்க வேண்டும். அப்போது உள்ளே சில மின்சுற்றுகள் விழித்தே இருக்கும். காரில் பொருத்தும் துணை பிரேக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும்.

எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இது கிட்டத்தட்ட பாதி!

பிரேக்கும் சேர்ந்து போகும்

கார் ஸ்டார்ட் ஆகாதது சின்னப் பிரச்னைதான். இழுவைக் கம்பி அறுந்து கார் தனியே கழன்றால், துணை பிரேக் தானாகப் பிடித்து காரை நிறுத்த வேண்டும். பல கருவிகள் அதற்கான மின்சாரத்தை அந்த காரின் பேட்டரியிலிருந்தே எடுக்கின்றன. பேட்டரி செத்திருந்தால்?

என்ன செய்கிறார்கள்?

சார்ஜ் ஒயர்: மோட்டார் ஹோமிலிருந்து காரின் பேட்டரிக்குத் தனி ஒயர் இழுப்பது. இரு முனையிலும் பேட்டரி இருப்பதால், இரு முனையிலும் ஃபியூஸ் அவசியம். மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்க டயோடு போடுவார்கள். நீளமான, மெல்லிய ஒயரில் வோல்டேஜ் குறையும்; சாதா டயோடும் 0.7 வோல்ட் வரை விழுங்கும். இதைச் சரிக்கட்டுவது டி.சி-டி.சி சார்ஜர்.

சோலார் பேனல்: 10 வாட் பேனல் நல்ல வெயிலிலும் 1 ஆம்பியருக்குக் குறைவாகவே தரும். நிறுத்திவைத்த காருக்கு ஓகே. பிரேக் கருவியும் ஓடும் நீண்ட பயணத்துக்குப் போதாது.

ஃபியூஸைக் கழற்றுவது: சில கார்களில் குறிப்பிட்ட ஃபியூஸையோ பேட்டரி இணைப்பையோ கழற்றச் சொல்லி கையேட்டிலேயே இருக்கும். அப்படிச் செய்தால் பிரேக் கருவிக்கு மின்சாரம் கிடைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கையேட்டில் இல்லாததை நாமாகச் செய்யக் கூடாது.

எந்த வழியானாலும், ஒரு வோல்ட்மீட்டர் கையில் இருப்பது நல்லது. முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பெட்ரோல் போட நிறுத்தும்போது பாருங்கள். 12 வோல்ட் பக்கம் இறங்கியிருந்தால், அங்கேயே சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்புவதே பாதுகாப்பு.