ஆள்பவரைக் கட்டிப்போட்ட அரண்மனை

வெனிஸ் என்றால் கால்வாய், படகு என்றுதான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் கடல்நீரைப் பார்த்தபடி நிற்கும் டோஜ் அரண்மனையைப் பற்றி இன்று பேசுவோம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சற்று நீளமான கதை.

வெனிஸ் அன்று ஒரு தனிக் குடியரசு. அதன் தலைவர்தான் டோஜ். ஆயுள் முழுக்கப் பதவி இருந்தது, ஆனால் அது மகனுக்குப் போகாது. இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. ஆரம்ப நூற்றாண்டுகளில் டோஜ்கள் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, பதவியைக் குடும்பச் சொத்தாக்கப் பார்த்தார்கள். 976ல் நான்காம் பியெத்ரோ கந்தியானோ மீது ஊரே கொதித்தெழுந்து, அரண்மனையை ஒட்டிய வீடுகளுக்குத் தீ வைத்தது. தீ அரண்மனையையும் சான் மார்க்கோ தேவாலயத்தையும் பிடித்தது. தப்ப முயன்ற டோஜையும் அவருடைய கைக்குழந்தையையும் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு வெனிஸ்காரர்கள் போட்ட சட்டம் ஒவ்வொன்றிலும், இனி எவரும் அரசராகிவிடக் கூடாது என்ற கவலை தெரிகிறது.

இன்றைய கட்டடத்தின் கடல் பக்க முகப்பு 1340 வாக்கில் தொடங்கியது. கீழே இரண்டு அடுக்குக்குத் திறந்த தூண் வரிசை. மேலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கல் பதித்த கனத்த சுவர். அகழியோ கோட்டை மதிலோ கிடையாது. டோஜ் குடியிருந்தது உள்ளே சில அறைகளில்தான். மற்ற இடமெல்லாம் பிரபுக்களின் சபைக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் போயிற்று. சபை கூடிய பெருமண்டபம் சுமார் 53 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

டோஜைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். 1268ல் வகுத்த முறை அது. சபையில் சீட்டுக் குலுக்கல்போல 30 பேரை எடுப்பார்கள்; மறுபடி குலுக்கி அதை 9 ஆக்குவார்கள். அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அது குலுக்கலில் 12 ஆகும். 12 பேர் 25 பேரைச் சொல்ல, அது 9 ஆகும். 9 பேர் 45 பேரைச் சொல்ல, அது 11 ஆகும். அந்த 11 பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேர்தான் கடைசியில் டோஜுக்கு வாக்களிப்பார்கள். வெல்ல 25 வாக்கு வேண்டும். குலுக்கலில் உருண்டைகளை எடுப்பது ஒரு சிறுவன். சபையின் இளைய உறுப்பினர் வெளியே போய், சதுக்கத்தில் முதலில் எதிர்ப்படும் பையனைக் கூட்டிவருவார். யாரைக் கூட்டிவருவார் என்று முன்கூட்டியே தெரியாதபோது, யாருக்கு லஞ்சம் கொடுப்பது?

பதவி ஏறிய பிறகும் விடவில்லை. அயல்நாட்டு அரசர் எழுதிய கடிதத்தை டோஜ் தனியாகப் பிரிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. இறந்த பிறகு அவருடைய நடத்தையை விசாரிக்கக்கூட அதிகாரிகள் இருந்தார்கள். குறை கண்டால் வாரிசுகள் அபராதம் கட்ட வேண்டும். பெல்லினியின் ஓவியத்தால் இன்றும் நாம் முகம் அறிந்த டோஜ் லியோனார்தோ லொரெதானின் குடும்பமே அப்படிக் கட்டியது.

மீறிப் பார்த்தவரும் உண்டு. மரினோ ஃபலியரோ 1354ல் டோஜ் ஆனார். வயது முதிர்ந்த மனிதர். பிரபுக்களை ஒழித்துவிட்டுத் தானே ஆளச் சதி செய்தார், விஷயம் கசிந்தது. 1310ல் ஏற்பட்ட பதின்மர் குழு விசாரித்தது. 1355 ஏப்ரல் 17 அன்று அதே அரண்மனையில் அவர் தலையை வெட்டினார்கள். பெருமண்டபத்தின் மேற்புறத்தில் டோஜ்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஃபலியரோவின் இடத்தில் முகம் இல்லை. ஒரு கறுப்புத் திரை வரைந்து, குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டவரின் இடம் இது என்று எழுதியிருக்கிறது. 1577ல் மண்டபம் எரிந்து படங்கள் போயின. திரும்ப வரைந்தபோது அந்தத் திரையையும் மறக்காமல் வரைந்தார்கள்.

இதை மக்களாட்சி என்று சொல்ல மாட்டேன். 1297க்குப் பிறகு சபையின் கதவு சில குடும்பங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. படகோட்டிக்கும் நெசவாளிக்கும் அங்கே வாக்கில்லை. ஆனாலும் தங்களில் ஒருவன் தங்கள் தலையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை அந்தப் பிரபுக்கள் அளவுக்குக் கற்றவர்கள் குறைவு. கடைசி டோஜ் லுதோவிகோ மானின். 1797 மே 12 அன்று நெப்போலியனின் படைக்கு அஞ்சி சபை தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. 1268 முதல் அன்றுவரை, தந்தை இறந்ததும் மகன் டோஜ் ஆனது ஒருமுறைகூட நடக்கவில்லை.