கருக்கலைப்பு: நாம் பாதுகாப்பது ஷரீஆவையா, 1883ஆம் ஆண்டுச் சட்டத்தையா?

கருக்கலைப்பு பற்றிப் பேச்செடுத்தாலே 'இஸ்லாத்தில் ஹராம்' என்ற ஒரே வார்த்தையில் அதை முடித்துவிடுகிறோம். இலங்கையில் நடைமுறையிலுள்ள சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு. அது 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அதன் 303ஆம் பிரிவு இடமளிக்கிறது. மற்றபடி மூன்று ஆண்டுகள் வரை சிறை. கரு அசையத் தொடங்கியிருந்தால் ஏழு ஆண்டுகள் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. வல்லுறவுக்கு உள்ளான சிறுமிக்கும் விலக்கில்லை.

பிக்ஹ் இவ்வளவு இறுக்கமானதல்ல. 120ஆம் நாளில் ரூஹ் ஊதப்படுவதை ஹதீஸிலிருந்து விளங்கிக்கொண்ட ஹனபி அறிஞர்கள் பலர், அதற்கு முன் தகுந்த காரணத்தோடு கலைக்க அனுமதித்தனர். மாலிகி மத்ஹப் கடுமையானது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆரம்பத்திலிருந்தே அதைத் தவறாகக் கண்டார். ஆனால் கரு வளர வளரவே தவறின் கனமும் கூடுகிறது என்றார். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை, குணப்படுத்த முடியாத கடும் குறைபாட்டை நம்பகமான வைத்தியர் குழு உறுதிசெய்து, பெற்றோரும் விரும்பினால், 120 நாட்களுக்குள் கலைக்கலாம் என்று தீர்மானித்தது. இலங்கையில் அதுவும் குற்றம். மக்காவின் உலமாக்களை விட விக்டோரியா மகாராணியின் சட்டம் கடுமையாக இருக்கிறது!

வல்லுறவு, கருவின் பாரிய குறைபாடு போன்றவற்றுக்கு விலக்களிக்கும் முயற்சி 1995இல் பாராளுமன்ற எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2017இல் மீண்டும் எழுந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர், கிடப்பில் போனது. பிக்ஹின் நுணுக்கத்தை எடுத்துச் சொல்ல நமது தரப்பில் முன்வந்தவர்கள் மிகக் குறைவு.

'முஸ்லிம் சட்டங்களின் கீழ் வாழும் பெண்கள்' என்ற சர்வதேச வலையமைப்பு 1984 முதல் சொல்லிவருவது, நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டங்களை ஒரே மார்க்கச் சட்டமாகக் காட்டாதீர்கள் என்பதையே. தூனிசியா 1973 முதல் மூன்று மாதம்வரை அனுமதிக்கிறது. கத்தோலிக்க அயர்லாந்திலோ, கரு தானாகக் கலையத் தொடங்கியும் கலைப்பு மறுக்கப்பட்ட இந்தியப் பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் 2012இல் இறந்தார். பெண்கள் வீதிக்கு இறங்கினர். 2018 சர்வஜன வாக்கெடுப்பில் தடை நீங்கியது.

இங்கே விலை கொடுப்பது யார்? வசதியுள்ளவர் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியரைத் தேடிக்கொள்வார், அல்லது இந்தியாவுக்குப் பறப்பார். பசறை, லுணுகலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண், பதுளைக்குப் போய்வர ஒரு நாள் பேரை இழக்க வேண்டும். லயத்தில் எதுவும் இரகசியமாக இராது. எனவே யாரோ கொடுத்த மாத்திரை, யாரோ ஒருவரின் கை. குருத்தலாவையின் ஏழை முஸ்லிம் வீட்டிலும் நிலைமை பெரிதாக வேறுபடாது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்கள் அதற்கு நெருக்கப்பட்டார்கள் என்ற முறைப்பாடு பழையது. பெறாதே என்று சொல்லும்போதும் பெற்றே ஆகவேண்டும் என்று சொல்லும்போதும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம், அதற்குச் சட்டம் மாறத் தேவையில்லை. கலைப்புக்குப் பின் இரத்தப்போக்கோடும் காய்ச்சலோடும் வரும் பெண்ணுக்குச் சிகிச்சையளிப்பது குற்றமல்ல. அரச வைத்தியசாலைகளில் அந்தச் சிகிச்சை உண்டு. பொலிஸுக்குப் பயந்து வீட்டில் கிடப்பதுதான் ஆபத்து. இதை தோட்டத்து மருத்துவமாதுவும் சொல்லலாம், ஜும்ஆ மிம்பரிலிருந்து கதீபும் சொல்லலாம்.