தீவு தேடும் படலம்

2024 ஜூன் 29. பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது இந்தியா. கோப்பை கைக்கு வந்துவிட்டது, ஊர் திரும்பத்தான் வழியில்லை. பெரில் என்ற சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்தது; விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். உலக சாம்பியன்கள் கடற்கரை ஓட்டலில் அடைந்து கிடந்தார்கள். தனி விமானம் போய் அழைத்துவர, ஜூலை 4 காலையில்தான் தில்லி வந்து இறங்கினார்கள்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட கடலைப் பார்த்துத்தான் புனேயில் இருக்கும் என் அக்காவுக்கு ஆசை பிறந்தது. புயலைக் கண்டு மிரண்டிருக்க வேண்டியவள், நீலத்தைக் கண்டு மயங்கினாள். திருமணமாகி முப்பதாவது ஆண்டு. அத்தான் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினார்கள். பத்து நாள், ஒரே ஒரு தடவை. தவறான தீவைத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடையாது. மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு உலக விஷயமெல்லாம் அத்துபடி என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனவே பயண ஏஜெண்டுகள் கொடுத்த வண்ணக் கையேடுகள் கட்டாக என் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

இருபது தீவுகளின் கையேடுகளிலும் ஒரே புகைப்படம்தான். சாய்ந்த தென்னை, வெண்மணல், இரண்டு நாற்காலி. கையேட்டைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுப்பது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது மாதிரி.

உண்மையில் ஒரு தீவு போல இன்னொன்று இல்லை. முதல் வித்தியாசம் காலுக்கடியில் இருக்கிறது. டொமினிக்கா, மான்ட்செராட், செயின்ட் லூசியா போன்றவை எரிமலைத் தீவுகள். மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும். காடும் அருவியும் உண்டு. மணல் பெரும்பாலும் சாம்பல் அல்லது கறுப்பு. டொமினிக்காவில் ஓர் ஏரியே கொதித்துக்கொண்டிருக்கிறது. மான்ட்செராட்டில் 1995இல் கண்விழித்த எரிமலை, தலைநகர் பிளிமத்தையே சாம்பலில் புதைத்துவிட்டது. மாறாக பார்படாஸ், ஆன்டிகுவா போன்றவற்றில் பவளச் சுண்ணாம்புப் பாறை அதிகம். கையேட்டில் மின்னும் வெண்மணல் இங்கேதான். அந்த மணலில் கணிசமான பங்கு, பவளப் பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழித்துப் போட்டது என்பதைக் கையேடு சொல்லாது. அக்காவிடம் நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

செயின்ட் லூசியாவின் கதை சற்று வேறு. பித்தோன் என்று அழைக்கப்படும் இரண்டு கூம்பு மலைகள் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கின்றன. யுனெஸ்கோ 2004இல் அவற்றை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு முன்பே இரண்டு மலைகளுக்கும் நடுவில் ஓர் உல்லாச விடுதி வந்துவிட்டது. அந்தத் தீவில் பிறந்து 1992இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் டெரிக் வால்காட் எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. விடுதியின் முன்னால் கிடக்கும் வெண்மணல் அந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது.

இரண்டாவது வித்தியாசம் திசை. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே கரீபியன் கடல். ஒரே தீவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. பார்படாஸின் மேற்குக் கரையில் குழந்தைகள் இடுப்பளவு நீரில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, கிழக்கே பாத்ஷீபாவில் அலை பாறையில் மோதிச் சிதறும். அலைச்சறுக்கு வீரர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதே நல்லது. அத்துடன் 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து பெரும் திரளாக வந்து ஒதுங்குகிறது. அழுகினால் கூமுட்டை நாற்றம். கிழக்கு நோக்கிய கரைகளுக்கே பாதிப்பு அதிகம். 'கடலைப் பார்த்த அறை' என்று விளம்பரம் சொன்னால், எந்தக் கடல் என்று கேட்க வேண்டும்.

பிறகு புயல். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். அந்த மாதங்களில் அறை வாடகை கணிசமாகக் குறையும், காரணமில்லாமல் அல்ல. தென்கோடியில் வெனிசுவேலாவை ஒட்டிய அருபா, குராசோ, பொனேர், டிரினிடாட் ஆகியவை பெரும்பாலும் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன. அதற்கு அருபா கொடுக்கும் விலை வறட்சி: கள்ளிச் செடி, காற்றில் ஒரே பக்கம் வளைந்து நிற்கும் மரங்கள், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்த குடிநீர். கிரெனடாவும் பத்திரமான தீவு என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 2004இல் ஐவன் அதை நொறுக்கியது. 2024 ஜூலை 1 அன்று, நம் கிரிக்கெட் அணியைச் சிறைவைத்த அதே பெரில், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் துடைத்துப் போட்டுவிட்டது. விளையாட்டு வீரர்கள் ஓட்டலில் பொழுதைப் போக்கிய கதை நமக்குத் தெரியும். கரியாக்கூவில் கூரையிழந்தவர்களின் கதை நம் பத்திரிகைகளில் எத்தனை பத்தி வந்தது?

அத்தானின் கணக்கு வேறு. வாழ்நாளெல்லாம் பட்ஜெட் போட்டவர் அவர். ஜமைக்காவில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பானம், படகு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே தொகை கட்டிவிடும் திட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். “எல்லாம் அடக்கம்” என்றேன். “அடக்கம் எல்லாம் இப்போது எதற்கு?” என்றார்.

நகைச்சுவை ஒரு பக்கம். இந்த முறையில் பயணிக்கு ஒரு நிம்மதி உண்டு, மறுப்பதற்கில்லை. பர்ஸைத் திறக்கவே வேண்டாம். ஆனால் திறக்காத பர்ஸிலிருந்து ஊர்க்காரருக்கு எதுவும் போகாது என்பதுதான் சிக்கல். பணம் பயணியின் நாட்டிலேயே பயண நிறுவனத்திடம் கட்டப்படுகிறது. ஓட்டல் பல சமயம் வெளிநாட்டு முதலாளியுடையது. தட்டில் விழும் உணவில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. மதிலுக்கு வெளியே மீன் வறுப்பவர், டாக்சி ஓட்டுபவர், இளநீர் வெட்டுபவர் ஆகியோருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். உள்ளே வேலை கிடைத்தவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதும் நிஜம்.

ஜமைக்காவில் மதில் என்பது உவமை அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் 1956இல் போட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கடலோரத்தின் மீதான உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. பொதுமக்கள் கடற்கரையில் இறங்கவோ குளிக்கவோ பொதுவான உரிமை எதுவும் தரவில்லை. 1962இல் சுதந்திரம் வந்தது, சட்டம் அப்படியே நின்றது. அரசிடம் உரிமம் பெற்ற ஓட்டல் வேலி போட்டது. பாட்டன் காலத்திலிருந்து குளித்த இடத்தில் பேரனைக் காவலாளி நிறுத்துகிறான். இதை எதிர்த்து அங்கே ஓர் இயக்கமே நடக்கிறது, நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடர்ந்திருக்கிறார்கள். கியூபாவில் இதே கதை வேறு உடையில் நடந்தது. வாரடேரோ போன்ற இடங்களின் சுற்றுலா ஓட்டல்களில் கியூபர்களே தங்கக்கூடாது என்ற தடை 2008இல்தான் நீங்கியது.

இதையெல்லாம் கேட்டு அக்கா, “அப்படியானால் ஜமைக்கா வேண்டாம்” என்று முடிவு கட்டிவிட்டாள். அவ்வளவு சுலபமாக நீதி வழங்கிவிட முடியாது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா என்ற ஐந்தாம் வகைச் சூறாவளி ஜமைக்காவின் மேற்குப் பகுதியைத் தாக்கியது. சில விடுதிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அறையைத் துடைப்பவருக்கும் சமையல்காரருக்கும் அந்த மூடிய கதவு வேலியைவிடப் பெரிய துன்பம். பயணி போகாமல் இருப்பது அவர்களுக்கு எந்த வகையிலும் உதவியல்ல. ஜமைக்கா போகிறவர்கள் இரண்டு நாளாவது மதிலுக்கு வெளியே தங்கலாம், சிறிய விடுதியில் பணம் கொடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

பார்படாஸ், ஆன்டிகுவா இரண்டிலும் கடற்கரை சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆன்டிகுவாவில் நாளுக்கு ஒன்றாக 365 கடற்கரைகள் என்பது அவர்களது சுற்றுலாப் பெருமை, யார் எண்ணினார்களோ! (அதே ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட், 1988இல் வெளிவந்த 'எ ஸ்மால் பிளேஸ்' நூலில் சுற்றுலாப் பயணியை நேரடியாகக் கூப்பிட்டு வைத்து விளாசியிருக்கிறார். விமானத்தில் படிக்க உகந்ததல்ல. புறப்படும் முன் படிக்கலாம்.) பார்படாஸிலும் சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று. கரையோரம் வரிசையாக ஓட்டல் எழும்பும்போது கடலுக்குப் போகும் சந்து குறுகிப்போகிறது என்ற புகார் அங்கே ஓயவில்லை. ஆனாலும் சந்து இருக்கிறது. ஒரே கட்டணத்தில் தீவெங்கும் பஸ் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீனவர் துறையில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மீன் சாப்பிடுகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத் தேர்வு இன்னொரு வகையில் சுருங்கிவிடுகிறது. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட்-டொபேகோ, டொமினிக்கா, கிரெனடா ஆகியவற்றுக்குச் சுற்றுலா செல்ல நமக்கு முன்விசா தேவையில்லை. பிரெஞ்சு, டச்சுத் தீவுகளுக்குத் தனி விசா நடைமுறை. பியூர்டோ ரிகோவுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து நேர் விமானம் எங்கும் இல்லை. லண்டனில் மாறினால் பிரிட்டனின் இடைவழி விசா, அமெரிக்காவில் மாறினால் அமெரிக்க விசா. தீவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, வழியில் இருக்கும் வீட்டுக்காரர்தான் சாவி கேட்கிறார். விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் வாங்கும் முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஏஜெண்டுகள் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று. டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடு. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க நம் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி நேரத்தில் ஓடினால் பயனில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை டிரினிடாட்டை வெல்ல ஆளில்லை. 1845 மே 30 அன்று கல்கத்தாவிலிருந்து 'ஃபாத்தெல் ரசாக்' கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் சந்ததி, பருப்பு வைத்த பூரியையும் கொண்டைக்கடலை வைத்த 'டபுள்ஸ்' என்ற தெருப் பலகாரத்தையும் தேசிய உணவாக்கிவிட்டது. வால்காட்டின் நோபல் உரையே டிரினிடாட் கிராமம் ஒன்றில் அவர் கண்ட ராமலீலாவில்தான் தொடங்குகிறது. கடலுக்கு அதன் தங்கைத் தீவான டொபேகோ. 1776லேயே சட்டம் போட்டுக் காப்பாற்றிய காடு அங்கே இருக்கிறது.

என் சொந்தச் சிபாரிசு குவாதலூப். பிரான்சின் மாகாணம், எரிமலையும் உண்டு, வெண்மணலும் உண்டு. 1854 டிசம்பர் 24 அன்று பாண்டிச்சேரியிலிருந்து 'ஓரேலி' கப்பல் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை போனவர்கள் சுமார் 42,000 பேர். பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மன் 'மாலியேமன்' ஆகவும் மதுரைவீரன் 'மால்தேவிலன்' ஆகவும் தங்கிவிட்டார்கள். கப்பஸ்தேர் ஊருக்கருகே சாலையோரத்தில் ஷாங்கி கோயில் கோபுரம் நிற்கிறது. 'கொலம்போ' என்பது அந்தத் தீவின் கறிக்குழம்பு. பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மதராஸ்'. தமிழ்ப் பெயர் தாங்கிய ஹென்ரி சிதம்பரம், இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். நான் உணர்ச்சிவசப்பட்டு விவரித்துக்கொண்டே போனேன்.

“கோயில் பார்க்க இத்தனை தூரம் எதற்கு? நான் கடல் பார்க்கப் போகிறேன்” என்றாள் அக்கா.

கடைசியில் பார்படாஸ். மேற்குக் கரையில், சமையலறையோடு கூடிய சிறு விடுதி. பிப்ரவரி மாதம், புயல் பருவம் இல்லை, வாடகைதான் உச்சம். அதை ஈடுகட்ட பத்து நாளை எட்டாகக் குறைத்தார் அத்தான். கென்சிங்டன் ஓவலுக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறார். மதிலுக்கு வெளியே தினமும் எவ்வளவு செலவாகும் என்பதற்கு நோட்டில் தனிப் பக்கம். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர் என்பதால் கணக்கு சுலபம் என்பதில் அவருக்குத் திருப்தி.

பணம் கட்டிய மறுநாள்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. இப்போது தினமும் காலை ஆறரை மணிக்குப் புனேயில் ஒரு குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருக்கிறாள்.