சின்னத் தொட்டிக்கு ஒரே ஒரு மீன்... எதை வாங்கலாம்?

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கும் பட்டியலில் நாய்க்குட்டிக்கு அடுத்த இடம் மீன் தொட்டிக்குத்தான். நாய்க்கு மறுத்துவிட்ட சங்கடத்தில், மீனுக்கு உடனே சம்மதித்துவிடுகிறோம். உருண்டையான ஒரு கண்ணாடி பவுல், அடியில் கலர் கூழாங்கற்கள், இரண்டு கோல்டு ஃபிஷ். பத்தாவது நாள் காலையில் ஒன்று மல்லாந்து மிதக்கும். அடுத்த வாரம் இன்னொன்று. 'வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு கண்ணு' என்று பாட்டி சமாதானம் சொல்வார். பிள்ளையின் அழுகை நிற்காது.

அந்த மீனைக் கொன்றது திருஷ்டி இல்லை, அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் அழுகும் தீனியிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேருகிறது. குளத்தில் இதைப் பக்குவப்படுத்த நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன் தன் கழிவிலேயே மூச்சுமுட்டிப் போகிறது. தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது. தொட்டி சிறியதாக இருந்தால் விஷம் சேரும் வேகமும் அதிகம்.

ஆகவே, சின்னத் தொட்டிக்கு முதல் விதி, மீன்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. தங்க நிறத்தில் எட்டு, கறுப்பில் ஒன்று என்று ஃபெங் சுயி கணக்கில் ஒன்பது மீன்களை ஓரடித் தொட்டியில் அடைத்தால் எந்த அதிர்ஷ்டமும் வராது. ஒன்று போதும். ஆனால், அது தனியாக இருப்பதையே விரும்புகிற மீனாக இருக்க வேண்டும்.

கோல்டு ஃபிஷ் அப்படிப்பட்டதில்லை. கடையில் இரண்டு இஞ்ச் இருப்பது குட்டி. சாதாரண கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் ஓரடியைத் தொடும். தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். ஆயுளும் நாம் நினைப்பது போல ஒரு மாதம் இல்லை. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற கோல்டு ஃபிஷ், 1999 வரை 43 வருடங்கள் வாழ்ந்து கின்னஸ் சாதனை படைத்தது. அந்த இனத்தைத்தான் நாம் பத்தே நாளில் வழியனுப்பி வைக்கிறோம்.

நியான் டெட்ரா அழகுதான். ஆனால், கூட்டமாக வாழும் மீன். ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒடுங்கும். கப்பி ஜோடியாக வாங்கினால் சில மாதங்களில் தொட்டி கொள்ளாமல் குட்டிகள் நிறையும். ஆஸ்கார் ஓரடிக்கு வளரும் வேட்டைக்கார மீன். 'பாசியெல்லாம் இதுவே தின்னுடும் மேடம்' என்று கடையில் சேர்த்துக் கொடுக்கும் சக்கர் ஃபிஷ்ஷை மறுத்துவிடுங்கள். அதுவும் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் இன்று நம் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருப்பது ஃபைட்டர். 'பீட்டா' என்றும் சொல்வார்கள். தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும் இதன் சொந்த ஊர். 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆண் ஃபைட்டர் இன்னொரு ஆணைக் கண்டால் செவுளை விரித்துச் சண்டைக்குப் போகும். தனிமை அதற்குத் தண்டனை இல்லை, நிம்மதி. வளர்ந்தாலும் இரண்டரை, மூன்று இஞ்ச்தான். இதன் தலையில் 'லேபிரிந்த்' என்ற உறுப்பு இருப்பதால், மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும்.

இதே காரணத்தால்தான் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பூச்சாடியிலும் அதை அடைத்து விற்கிறார்கள். மூச்சுக்குக் காற்று கிடைத்தாலும், அம்மோனியாவிலிருந்து அதுவும் தப்பாது. பாட்டில் வாழ்க்கை அது தாங்கிக்கொள்வது, விரும்புவது இல்லை.

குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒன்றரை அடி நீளம், பத்து இஞ்ச் அகலம், பத்து இஞ்ச் உயரத்தில் தொட்டி வாங்கினால் 25 லிட்டருக்கு மேல் பிடிக்கும், தாராளம். ஃபைட்டர் எகிறிக் குதிக்கும் என்பதால் மூடி அவசியம். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு இஞ்ச் இடைவெளி இருந்தால்தான் மேலே வந்து மூச்சு வாங்க முடியும். பெரிய துடுப்பை வைத்துக்கொண்டு வேகமான நீரோட்டத்தில் அதால் நீந்த முடியாது. மெதுவாகக் குமிழ் விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். இரண்டு செடிகள், ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண்சட்டி. சென்னை, மதுரை வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் கட்டாயம் வேண்டும்.

மீனைக் கடைசியாக வாங்குங்கள். தொட்டியை வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு மூன்று, நான்கு வாரம் காத்திருங்கள். அந்தத் தீனி அழுகித்தான் பாக்டீரியாக்களுக்கு உணவாகும். ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருப்பு குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகலாம்.

சென்னைவாசிகளுக்கு கொளத்தூர் இருக்கிறது. தெருத் தெருவாக அலங்கார மீன் கடைகள். கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக ஃபைட்டர்கள் இருக்கும். நிறத்தைப் பார்த்ததும் கை நீட்ட வேண்டாம். ஜாடி அருகே விரலைக் கொண்டு போங்கள். திரும்பிப் பார்க்கிறதா, செவுளை விரிக்கிறதா? அதுதான் நல்ல மீன். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், ஒட்டிக்கொண்ட துடுப்பு, பஞ்சு போன்ற படலம், அன்னாசிப்பழம் போலச் சிலிர்த்து நிற்கும் செதில்கள் - இதில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம். அடியில் சோர்ந்து கிடக்கும் மீனைப் பரிதாபப்பட்டு பிள்ளை தேர்ந்தெடுக்கும். அந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். 'ஹாஃப் மூன்', 'கிரவுன் டெய்ல்' எல்லாம் விசிறி போல் விரியும் வால் கொண்டவை. கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்த வாலே அதற்குச் சுமை, சீக்கிரம் கிழியவும் செய்யும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது குட்டை வால் 'பிளாகாட்'. சுறுசுறுப்பானது, திடமானது.

வீட்டுக்கு வந்ததும் கவரோடு 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

பிறகு வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், ஆன்டி குளோரின் சொட்டுகள் விட்டு ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துப் 'பளிச்' ஆக்கும் பழக்கம்தான் பல வீடுகளில் மீனுக்கு எமன். மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா அத்தனையும் சாக்கடையில் போய்விடும். ஸ்பாஞ்ச் அழுக்கானால், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

தீனி காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பெல்லட். வாரத்தில் ஒருநாள் பட்டினி நல்லது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி அது சண்டைக்கு வருவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைத்துப்போகும். தண்ணீரின் மேல் குமிழ்களாக நுரை தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆண் மீன், வராத மனைவிக்காகக் கட்டும் கூடு அது.

இரண்டு, மூன்று வருடங்கள் வாழும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? மூன்று, நான்கு நாள் தீனி இல்லாமலே சமாளித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவிடம் தீனி டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் அரை டப்பாவைக் கொட்டிவிடுவார்.