பழைய எந்திரத்துக்குப் புது வேகம்

நேரு ப்ளேஸில் விற்கும் பழைய கம்ப்யூட்டரை 'ஓவர்க்ளாக்' செய்து விரட்டலாம். லாபம் உண்டு. தில்லி வெயிலில் ஆபத்தும் உண்டு.

தில்லியில் கம்ப்யூட்டருக்கு லேசில் சாவு வருவதில்லை. அலுவலகத்தில் ஓய்வு கொடுக்கப்பட்ட எந்திரம் தெற்கு தில்லியின் நேரு ப்ளேஸுக்கு வருகிறது. தூசு தட்டப்பட்டு மாணவர் வீட்டுக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போகிறது. அங்கேயும் ஓடி ஓய்ந்த பிறகுதான் வடகிழக்கில் உள்ள சீலம்பூருக்குப் போய்ச் சுத்தியலடி வாங்குகிறது. இந்தக் கடைசிப் பயணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட ஒரு வித்தை இருக்கிறது. பிராசஸரையும் மெமரியையும் தயாரிப்பாளர் நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட வைக்கும் 'ஓவர்க்ளாக்கிங்'தான் அது.

இந்தப் பழைய வித்தைக்கு மறுபடியும் தேவை வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. புதிதாக வாங்கலாம் என்று கிளம்பியவர்களை அதே ஆண்டின் இறுதியில் எகிறிய மெமரி விலை யோசிக்க வைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கான தனது 'க்ரூஷியல்' வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கையில் இருப்பதையே ஓட்டுவோம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

கணக்கு எளிது. மதர்போர்டு ஓர் அடிப்படைத் துடிப்பை அனுப்புகிறது. பிராசஸர் அதைத் தனக்குரிய எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. இரண்டில் எதைக் கூட்டினாலும் வேகம் கூடும். அப்படிக் கூட்ட இடம் எங்கிருந்து வந்தது? ஒரே சிலிக்கான் தட்டில் பிறக்கும் சிப்புகளைச் சோதித்து வேகம் வாரியாகப் பிரிக்கிறார்கள். மலிவான ரகத்துக்குக் கிராக்கி அதிகமானால், வேகமாக ஓடக்கூடிய சிப்பும் குறைந்த வேக முத்திரையோடு சந்தைக்கு வந்துவிடும். அந்த மிச்சத்தைத்தான் ஓவர்க்ளாக்கர்கள் தோண்டி எடுக்கிறார்கள்.

இதில் சரித்திரம் படைத்தது 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் நாலரை மடங்கு, அதாவது 300 மெகாஹெர்ட்ஸ் என்பது அதன் முத்திரை. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. பல மடங்கு விலை கொண்ட பென்டியம் 2-450 உடன் அது தோள் உரசி ஓடியது. கம்பெனி முத்திரை கொண்ட கம்ப்யூட்டர் அன்று நம் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாக்கனி. உதிரி பாகங்களைக் கோர்த்த 'அசெம்பிள்ட்' எந்திரம்தான் கதி. அந்த நிலையில் 150 மெகாஹெர்ட்ஸ் இலவசம் என்பது சாதாரண விஷயம் அல்ல.

இதே வித்தை மோசடிக்கும் உதவியது. மெதுவான சிப்பின் எழுத்தை அழித்துவிட்டு வேகமான எண்ணைப் பொறித்து விற்கும் தொல்லை 1990களில் உலகம் முழுவதும் இருந்தது. இன்டெல் பெருக்கல் எண்ணைப் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டுக்குச் சாவியும் கிடைத்தது. 2000த்தில் வந்த ஏஎம்டி சிப்புகளின் மேற்பரப்பில் இருந்த சிறு இடைவெளிகளைச் சாதாரண பென்சிலால் தீட்டி இணைத்தே பெருக்கல் எண்ணைத் திறந்தார்கள். 2007இல் வந்த இன்டெல் கோர் 2 க்வாட் க்யூ6600 இன்னும் சுலபம். பஸ்ஸை 266லிருந்து 333க்கு ஏற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். சில போர்டுகளில் சிப்பின் அடியில் குறிப்பிட்ட ஒரு புள்ளியின் மேல் துண்டு டேப் ஒட்டினாலே போதும்.

2011 ஜனவரியில் இந்தக் கதவு மூடியது. அந்த ஆண்டின் 'சாண்டி பிரிட்ஜ்' குடும்பத்தில் இன்டெல் எல்லாத் துடிப்புகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டிப்போட்டது. அதை ஏற்றினால் மற்ற பாகங்களும் தடுமாறும். தாராளமாக ஏற்ற வேண்டுமானால் பெயரின் முடிவில் 'கே' போட்ட சிப்பும் அதற்கேற்ற போர்டும் வேண்டும். பழைய சந்தையில் எந்திரம் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படும் டெல், ஹெச்பி, லெனோவோ எந்திரங்கள் உழைப்பாளிகள். ஆனால் அவற்றின் பயாஸில் வேகத்தைக் கூட்டும் வசதி பொதுவாக இருக்காது.

வசதி இருந்தாலும் தில்லியில் இன்னொரு எதிரி உண்டு: வெயில். சிப் விழுங்கும் மின்சாரம் வேகத்தின் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்க விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை 20 சதவீதம் கூட்டி, அதைத் தாங்க வோல்டேஜை 1.2லிருந்து 1.4க்கு ஏற்றினால் வெப்பம் ஏறத்தாழ 63 சதவீதம் அதிகமாகும். முன்பு அறையைவிட 40 டிகிரி சூடாக இருந்த சிப் இப்போது 65 டிகிரி சூடாகும். ஜனவரியில் 15 டிகிரி அறையில் அது 80. பிரச்னை இல்லை. ஜூனில் 40 டிகிரி அறையில் 105. பல இன்டெல் சிப்புகள் 100 டிகிரியை நெருங்கும்போதே தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகமும் போய், பழைய வேகமும் போகும். காற்றாடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. 2024 மே 29 அன்று தில்லி சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது. குளிர்காலத்தில் வெற்றி பெற்ற ஓவர்க்ளாக்குக்கு உண்மையான பரீட்சை கோடையில்தான்.

மெமரி விஷயத்தில் ஆபத்து சத்தமில்லாமல் வரும். டிடிஆர்3-1333 ரக மெமரி, 'சிஎல் 9' என்ற கணக்கில், கேட்டதைத் தர 13.5 நானோ செகண்டு எடுக்கும். அதே 9இல் 1600க்கு ஏற்றினால் 11.25. ஆனால் வேகத்தைத் தாங்காமல் 11க்குத் தளர்த்தினால் 13.75. பாயும் அளவு கூடினாலும் காத்திருக்கும் நேரம் குறையாது. பிராசஸர் தாங்காவிட்டால் எந்திரம் பெரும்பாலும் நின்றுவிடும், உங்களுக்கே தெரியும். மெமரி தவறினால் எங்கோ ஓர் எழுத்து மாறி, அப்படியே ஹார்ட் டிஸ்கில் பதிந்துவிடலாம். மகளின் ஆய்வுக் கட்டுரையோ கடையின் ஜிஎஸ்டி கணக்கோ கெட்டுப்போனது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். பஸ்ஸை ஏற்றினால் மெமரியும் கூடவே ஏறும் பழைய போர்டுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்? பிராசஸர் 25 சதவீதம் வேகமானால், ஒரு மணி நேரம் எடுக்கும் வீடியோ வேலைக்குக் குறைந்தபட்சம் 48 நிமிடமாவது ஆகும். 100 வாட் கூடுதலாக இழுத்தால் தினம் எட்டு மணி நேரத்துக்கு மாதம் 24 யூனிட் அதிகம். விண்டோஸ் 11க்கான தகுதியும் வராது. அது கேட்பது புதிய தலைமுறை பிராசஸரையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பையும்தானே தவிர, வேகத்தை அல்ல. டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் பயன்படும் எந்திரத்துக்கு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவதே பெரிய மாற்றம் தரும். ஒற்றை மெமரிக்குப் பதிலாக ஒரே ரகத்தில் இரண்டைச் செருகினால், பெரும்பாலான போர்டுகளில் பாயும் அளவு இரட்டிப்பாகும். ஓவர்க்ளாக்கிங் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

அதற்காக இந்த வித்தையை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பத்து ஆண்டுக்கு முந்தைய போர்டைத் திறந்து, எண்ணை மாற்றி, சூட்டை அளந்து பார்க்கும் மாணவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராத எஞ்சினியரிங் அறிவு கிடைக்கிறது. உலகம் 2022இல் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சியானதாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை. மீதியில் ஒரு பகுதி சீலம்பூர் போன்ற இடங்களில், கையுறைகூட இல்லாதவர்களால் உடைக்கப்படுகிறது. ஓர் எந்திரம் மூன்று ஆண்டு கூடுதலாக உழைத்தால் அந்தக் கைகளுக்கு அவ்வளவு அவகாசம்.

கை வைக்கும் முன்

* முதலில் தூசைத் துடையுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். இதிலேயே பல டிகிரி குறையலாம்.

* முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

* வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். வோல்டேஜைத் தொடாமல் கிடைப்பதோடு திருப்தி அடைவது நல்லது. டிடிஆர்3 மெமரியின் இயல்பு 1.5 வோல்ட். 1.65ஐத் தாண்ட வேண்டாம்.

* மெமரியைத் தொட்டால் 'மெம்டெஸ்ட்' சோதனையை இரவு முழுவதும் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பழைய வேகத்துக்குத் திரும்புங்கள்.

* மே மாதம் பிறந்ததும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.