மலையின் சரிவு வேறு, பாதையின் ஏற்றம் வேறு

நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஓடி, 2,203 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தை அடைகிறது. வகுத்துப் பார்த்தால் சராசரி ஏற்றம் 4 சதவீதம். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர். ஆனால் கல்லாறு தாண்டி குன்னூர் வரையிலான பகுதியில் ஏற்றம் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் தொடுகிறது. சக்கரம் வழுக்காமல் இருக்க அங்கே நடுவில் பல் வைத்த தண்டவாளம் தனியாக ஓடுகிறது. மலைப் பக்கமே போகாமல், கணினியில் இருந்தபடியே இந்த 8 சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

அதற்கான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் உலகின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை அளந்தது. அந்த அளவீட்டை ஒரு பெரிய கிராஃப் தாள் போல நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். அதற்குள் ஒரே ஒரு எண், அந்த இடத்தின் உயரம், முழு மீட்டரில். இப்படிப்பட்ட கட்டத் தரவுக்கு ராஸ்டர் என்று பெயர்.

வரைபட மென்பொருள் பலவற்றில் சரிவு கணக்கிடும் வசதி இருக்கும். ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் உயரத்தைப் பார்த்து, சரிவு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். அதை அப்படியே எடுத்து ரயில் பாதைக்குப் பொருத்தினால் 40, 60 சதவீதம் என்றெல்லாம் வரும். பல் தண்டவாளம் போட்டாலும் ஏறாத ரயில் அது! மென்பொருள் சொன்னது பொய்யல்ல. அது சொன்னது மலையின் சரிவு, அதாவது அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஓடும் திசையில் உள்ள சரிவு. ரயில் அந்தத் திசையில் போவதே இல்லை.

மலையின் சரிவை, பாதைக்கும் தண்ணீர் ஓடும் அந்தத் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனால் பெருக்கினால்தான் பாதையின் ஏற்றம் கிடைக்கும். 60 சதவீதச் சரிவுள்ள மலையில் 8 சதவீத ஏற்றத்துக்குள் பாதை போட வேண்டுமானால் அந்தக் கோணம் சுமார் 82 டிகிரி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட மலையின் குறுக்கேதான் போக வேண்டும். மலைப்பாதைகள் இத்தனை வளைவதற்கும் காரணம் இதுதான்.

கொசைன் வேண்டாம், பாதை நெடுகப் புள்ளி வைத்து உயரங்களைப் படித்து, அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். நல்ல வழிதான். ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நெருக்கமாக வைப்பதுதான் எல்லோரும் செய்கிற வேலை. ஒரே கட்டத்துக்குள் மூன்று புள்ளிகள் விழும். மூன்றுக்கும் ஒரே உயரம். அடுத்த கட்டத்தில் திடீரென்று இரண்டு மூன்று மீட்டர் தாவும். பூஜ்யம், பூஜ்யம், 20 அல்லது 30 சதவீதம் என்று படிக்கட்டு வந்து நிற்கும். பக்கத்துக் கட்டங்களின் உயரத்தையும் கலந்து கணக்கிட்டால் படி மழுங்குமே தவிர, தரவில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. புள்ளிகளுக்கு இடையே 300 மீட்டர் விட்டுப் பாருங்கள்: 8 சதவீதத்துக்கு 24 மீட்டர் ஏற வேண்டும், உயரத்தில் 3 மீட்டர் பிசகினாலும் விடையில் ஒரு சதவீதம்தான் பிசகும்.

இதைவிடப் பொல்லாத சிக்கல் பக்கவாட்டில் இருக்கிறது. 60 சதவீதச் சரிவில், 30 மீட்டர் அகலக் கட்டம் ஒன்றின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 18 மீட்டர் உயர வித்தியாசம். வரைபடத்தில் தண்டவாளக் கோடு பத்து மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் உயரத்தில் 6 மீட்டர் பிழை. ஆகவே மலைப்பாதையில் உயரத் தரவின் தரத்தைப் போலவே கோட்டின் துல்லியமும் முக்கியம். பலரும் முதலாவதை மட்டும் திட்டுவார்கள்.

போதாததற்கு ரேடார் பார்ப்பது மேற்பரப்பைத்தான். அடர்ந்த காட்டில் மரத்தின் தலைக்குப் பக்கத்தில் உள்ள உயரத்தையே தரையென்று பதிகிறது. இந்தப் பாதையில் 16 சுரங்கங்கள், சுமார் 250 பாலங்கள். சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது தரவு அதன் தலைக்கு மேலுள்ள மலையின் உயரத்தைச் சொல்லும். பாலத்தில் போகும்போது கீழே உள்ள ஓடையின் உயரத்தை. அந்த இடங்களில் தரவை நம்பாமல், இரு முனைகளின் உயரத்தை மட்டும் எடுத்து இடையே நேர்கோடு போட்டுவிடுவதுதான் வழக்கம்.

கணக்கு சரியா என்று பார்க்கவும் வழியுண்டு. நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அவை தரையில் அளந்து எழுதியவை; கணினி தரும் கோடு ஒவ்வொரு நிலையத்திலும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலாவது வந்தாக வேண்டும்.