அணைக்கும் முன் அடங்க வேண்டும்

கணினியை ஹைபர்னேட் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது, மறுபடி போட்டால் எழுதியதை ரேமில் ஏற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பதில் தவறில்லை. ஆனால் அதில் இருப்பது வேலையின் சுலபமான பாதி. சில ஜிபி தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஹைபர்னேட்டிலிருந்து எழுந்த கணினியைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகளைக் கவனித்தால் விஷயம் வேறு இடத்தில் இருப்பது தெரியும்: வைஃபை பிடிக்கவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது, டச்பேட் அசையவில்லை, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. இவையெல்லாம் ரேமைப் பற்றிய குறைகள் அல்ல, ரேமுக்கு வெளியே இருக்கும் கருவிகளைப் பற்றியவை.

ஏன் அப்படி என்பதற்கு வைஃபை சிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று சொந்தமாகச் சிறிய நினைவகம் உண்டு. கணினி இயங்கத் தொடங்கும்போது டிரைவர் என்ற மென்பொருள் அந்தச் சிப்புக்குள் ஃபர்ம்வேரை ஏற்றுகிறது. எந்தச் சானலில் பேச வேண்டும், வந்த தகவலை ரேமில் எந்த முகவரியில் போட வேண்டும் என்றெல்லாம் அதன் ரெஜிஸ்டர்களில் எழுதி வைக்கிறது. மின்சாரம் போனால் இவை அத்தனையும் அழிந்துவிடும். டிஸ்கில் எழுதிய நகலில் இருப்பது டிரைவரின் நினைவு மட்டுமே. கணினி எழுந்ததும் டிரைவர், ‘ஃபர்ம்வேர் ஏற்றியாயிற்று, சானல் சொல்லியாயிற்று’ என்ற பழைய நம்பிக்கையோடு திரும்பி வருகிறது. எதிரில் இருக்கும் சிப்புக்கோ எதுவும் தெரியாது. ஆகவே ஹைபர்னேட் சரியாக நடப்பது நகல் எவ்வளவு துல்லியம் என்பதைப் பொறுத்ததாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் எந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதில் இயங்குதளமும் டிரைவரும் ஒத்துப்போவதைப் பொறுத்தது அது. குறிப்பாக, ஒரு கருவியை அசையாமல் நிறுத்துவது ஒரு வேலை, அதன் மின்சாரத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவித்ததால் வந்த தொல்லைகள் ஏராளம்.

இந்த நிலைகளுக்குப் பொதுவான பெயர் வைத்தது ஏசிபிஐ என்ற தர வரையறை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதற்கு முன்பிருந்த ஏபிஎம் முறையில் பெரும்பாலான முடிவுகளை, கணினியின் அடிப்படை ஃபர்ம்வேரான பயாஸே எடுத்துக்கொண்டது. இயங்குதளத்துக்கு உள்ளே நடப்பது சரிவரத் தெரியாது. ஏசிபிஐ அந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது. முழுக் கணினிக்கு எஸ்0 முதல் எஸ்5 வரை நிலைகள்: எஸ்0 என்றால் விழிப்பு, எஸ்3 ரேமுக்கு மட்டும் மின்சாரம் இருக்கும் ஸ்லீப், எஸ்4 ஹைபர்னேட், எஸ்5 முழு அணைப்பு. தனித்தனிக் கருவிகளுக்கு டி0 முதல் டி3 வரை. டி3யிலும் இரண்டு வகை உண்டு: மின்சாரம் வந்துகொண்டிருக்க, கருவி மட்டும் உறங்குவது ஒன்று, மின்சாரமே போய்விட்டது இன்னொன்று. முதல் வகையிலிருந்து ஒரு பிசிஐ கார்டை எழுப்பினால், அதனிடம் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன் 10 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும் என்று பிசிஐ விதி சொல்கிறது. அவசரப்பட்டுப் பேசினால் பதில் வராது, அல்லது தப்பான பதில் வரும். வரிசையும் முக்கியம். மவுஸ் முதலில் உறங்க வேண்டும், அது தொங்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் அடுத்து, அதைத் தாங்கும் பிசிஐ இணைப்பு கடைசியில். எழும்போது இந்த வரிசை தலைகீழ்.

ஸ்லீப்புக்கு இவ்வளவு போதும். ஹைபர்னேட்டில் இதற்கு மேல் ஒரு முரண் இருக்கிறது. ரேமை நகலெடுக்கும் கணத்தில் ரேமில் ஒரு பைட்டும் மாறக் கூடாது. ஆனால் கருவிகள் பிராசசரிடம் கேட்காமலே ரேமில் எழுதக்கூடியவை. இதற்கு டிஎம்ஏ என்று பெயர். நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் கார்டுக்கு ஒரு தகவல் பொட்டலம் வந்தால், அது பாட்டுக்கு ரேமில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நகலின் முதல் பாதி ஒரு காலத்தையும் மறுபாதி இன்னொரு காலத்தையும் காட்டும். அதனால் எல்லாக் கருவிகளும் வாய்மூடி நிற்க வேண்டும், டிஸ்க் உட்பட. ஆனால் எடுத்த நகலை எழுதப்போவது அதே டிஸ்கில்தானே? கடையில் இருப்புக் கணக்கு எடுக்கும் நாளில் ஷட்டரை இறக்கி வியாபாரத்தை நிறுத்துவார்கள், ஆனால் உள்ளே விளக்கை அணைக்க மாட்டார்கள். கருவிகளிடம் இந்தக் கட்டத்தில் எதிர்பார்ப்பது அதுதான். டிஎம்ஏ கூடாது, பிராசசரைக் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட் கூடாது. மின்சாரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

லினக்ஸில் இந்த வேறுபாடு தெளிவாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆரம்பத்தில் ஸ்லீப்புக்கும் ஹைபர்னேட்டுக்கும் டிரைவரின் அதே பகுதியைத்தான் அழைத்தார்கள். ‘உறங்கு’ என்று ஒரே கட்டளை. எதற்காக என்பதை டிரைவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்பாவியான ஒரு டிரைவர் ஹார்டு டிஸ்கைச் சுழலாமல் நிறுத்திவிடும்; நகலை எழுதுவதற்காக அதை மறுபடி சுழல வைக்க வேண்டும்; எழுதி முடித்ததும் திரும்பவும் நிறுத்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரியங்கள், ஒரே பாதையில் ஓட்டுவது தவறு என்று 2007இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடுமையாக வாதிட்டார். பிறகு லினக்ஸ் நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கியின் உழைப்பில் டிரைவர்களுக்குத் தனித்தனிக் கட்டளைகள் வந்தன. நகலெடுக்கும் முன் ‘ஃப்ரீஸ்’: அசையாதே, ஆனால் மின்சாரத்தைக் குறைக்காதே. நகல் எடுத்தபின் ‘தா’ (thaw): இளகு, டிஸ்கில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ‘பவர்ஆஃப்’: இப்போதுதான் நிஜமாக அணைய வேண்டும். மறுநாள் எழும்போது ‘ரெஸ்டோர்’. விண்டோஸ் இதே முரணுக்கு வேறு வழி கண்டது. டிஸ்க் டிரைவரின் எளிய நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அடங்கியபின் அதன் மூலம் ஹைபர்னேட் கோப்பை எழுதுகிறது. நீலத்திரை விழும்போது ரேமின் நிலையைப் பதிவு செய்வதும் இதே ஏற்பாடுதான். வழி எதுவானாலும், நிறுத்துவதையும் அணைப்பதையும் பிரித்தாக வேண்டியிருந்தது.

எழும் பக்கம் இன்னும் கடினம். பவர் பட்டனை அழுத்தியதும் லினக்ஸில் முதலில் எழுவது பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, புதிதாக பூட் ஆகும் ஒரு கெர்னல். அது டிஸ்கைத் தட்டி எழுப்பி, நகலைப் படித்து, பழைய கெர்னலிடம் கணினியை ஒப்படைத்துவிட்டு மறைகிறது. ஒப்படைக்கும் முன் எல்லாக் கருவிகளையும் அது மறுபடி ஃப்ரீஸ் செய்தாக வேண்டும். தவறினால், புதிய கெர்னல் சொன்ன முகவரியில் ஒரு கார்டு எழுதிக்கொண்டே இருக்கும்; அந்த முகவரியில் இப்போது பழைய கெர்னலின் தகவல் வந்து உட்கார்ந்திருக்கும். விளைவு உடனே தெரியாது, எங்கோ எப்போதோ ஒரு கோப்பு கெட்டுப்போகும். இதனால்தான் ரெஸ்டோர் கட்டளை வரும்போது டிரைவர் கருவியைப் பற்றி எதையும் அனுமானிக்கக் கூடாது. நடுவில் பயாஸ் அதைத் தொட்டிருக்கலாம், புதிய கெர்னல் பயன்படுத்தியிருக்கலாம், யாருமே தொடாமலும் விட்டிருக்கலாம். முதன்முறை பார்ப்பதுபோல எல்லாவற்றையும் புதிதாக எழுதி வைப்பதுதான் பத்திரம்.

யூஎஸ்பியில் இந்தச் சிக்கல் பயனரின் கைக்கே வந்துவிடுகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால், பென்டிரைவைப் பிடுங்கிச் செருகியதற்கும் இதற்கும் கணினியால் வித்தியாசம் காண முடியாது. அதைப் புதிய கருவியாக நடத்தினால், திறந்திருந்த கோப்புகள் அறுந்துபோகும். பழையதாகவே நடத்தினால் வேறொரு ஆபத்து. லினக்ஸ் தயாரிப்பாளர் எண், மாடல் எண், சீரியல் எண் போன்றவற்றை ஒப்பிட்டு, பொருந்தினால் அதே பென்டிரைவ் என்று ஏற்றுக்கொள்கிறது. கணினி உறங்கியபோது அதை வேறொரு கணினியில் செருகிக் கோப்புகளை மாற்றியிருந்தால் அந்த எண்கள் எதுவும் மாறியிருக்காது. எழுந்த கணினி தன் பழைய கணக்கை அதன்மேல் எழுதி, இருந்ததைச் சிதைத்துவிடும். ஹைபர்னேட் செய்யும் முன் பென்டிரைவை முறைப்படி எடுத்துவிடுங்கள் என்று சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு இல்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில், ஷட்டவுன் செய்தாலும் கெர்னல் பகுதி ஹைபர்னேட்தான் ஆகிறது. அந்த நிலையில் விண்டோஸ் டிரைவில் லினக்ஸிலிருந்து எழுதினால் இதே கதி.

நகலை எழுதியாயிற்று, இனி மின்சாரத்தைச் சட்டென வெட்டினால் என்ன, கருவிகளுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். வெட்டினாலும் பலமுறை கணினி எழுந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எஸ்எஸ்டி தன் தற்காலிக நினைவில் வைத்திருப்பதை நிரந்தரமாக எழுதி முடிக்க ஒரு முன்னறிவிப்பு வேண்டும். சொல்லாமல் வெட்டினால் என்விஎம்இ டிரைவ்கள் அதைப் ‘பாதுகாப்பற்ற அணைப்பு’ என்று எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. லேன் வழியாகக் கணினியை எழுப்ப வேண்டுமென்றால் நெட்வொர்க் கார்டு மட்டும் சிறிதளவு மின்சாரத்தோடு விழித்திருக்க வேண்டும். அதையும் போகும்போதே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. எஸ்எஸ்டி வந்தபின் கணினி சில நொடிகளில் பூட் ஆகிறது, பிரவுசர் தன் டேப்களைத் தானே மீட்டுக்கொள்கிறது. இந்தப் பழைய வித்தைக்காக டிரைவர் எழுதுபவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? உபுண்டு 12.04 பதிப்பிலிருந்தே ஹைபர்னேட்டை மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. செக்யூர் பூட் இயங்கும் பல லினக்ஸ் கணினிகளில், டிஸ்கில் இருக்கும் நகலை யாராவது திருத்திவிடலாம் என்ற பயத்தில் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுக்கிறது. இந்தத் தயக்கங்கள் நியாயமானவை. ஆனால் எஸ்3 ஸ்லீப்பின் இடத்தைப் பிடித்திருக்கும் மாடர்ன் ஸ்டான்ட்பை முறையைப் பாருங்கள். அதில் கணினி முழுதாக உறங்குவதில்லை. ஏதோ ஒரு கருவி அடங்க மறுத்தால் பைக்குள் இருக்கும் லேப்டாப் சூடாகி, பேட்டரி கரைகிறது. அப்போது விண்டோஸ் கடைசிப் புகலாக நாடுவது ஹைபர்னேட்டையே. யூபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில், எழுதிக்கொண்டிருந்த வேலையோடு கணினியைக் காப்பாற்ற இருப்பதும் அதுதான். எல்லா மென்பொருளும் பிரவுசரைப்போலத் தன்னை மீட்டுக்கொள்ளாது; பாதி ஓடிய ஒரு கணக்கீட்டை ரீபூட் திருப்பித் தராது.

இன்று இந்தப் பிரச்சினை மிகக் கூர்மையாகத் தெரிவது கிராபிக்ஸ் கார்டுகளில். அவற்றின் நினைவகம் ரேமில் சேராது, மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஆகவே நகலெடுக்கும் முன் அதிலிருப்பதை ரேமுக்கு மாற்ற வேண்டும். அதை வைக்க ரேமில் இடம் வேண்டும். பிறகு அந்த ரேமையே நகலெடுக்க மேலும் இடம் வேண்டும். ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸ் கார்டு ஒன்றில் 192 ஜிபி. அப்படி எட்டு கார்டுகள் கொண்ட சர்வரில் ஏறத்தாழ 1.5 டிபி. 2 டிபி ரேம் இருந்தாலும் நகலெடுக்க இடம் போதாது. 2025இல் லினக்ஸுக்கு வந்த திருத்தங்கள் இதற்கு இரண்டு வழிகள் செய்தன. கார்டிலிருந்து ரேமுக்கு வந்ததை, நகலெடுக்கும் முன்பே டிஸ்குக்குத் தள்ளிவிடுவது ஒன்று. மற்றது ‘தா’ கட்டத்தைப் பற்றியது. நகலை எழுத டிஸ்க் இளகினால் போதும், கிராபிக்ஸ் கார்டு எதற்கு விழிக்க வேண்டும், அத்தனை தகவலையும் எதற்குத் திரும்பச் சுமக்க வேண்டும்? ஹைபர்னேட் நடுவில் தோற்றுக் கணினி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் மட்டுமே கார்டு எழுப்பப்படும். மற்றபடி, நகல் எழுதி முடியும்வரை அது உறக்கத்திலேயே விடப்படுகிறது.